சுவாமி சகஜானந்தர் சரித்திரச் சுருக்கம்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதித்தும் உப்பு வாரியும் பிழைக்கும் நம் குடும்பத்தார்க்குத் திண்டிவனம் புதிய ஊரன்று. ஐப்பசி மழையில் அளம் நீரில் மூழ்கிக் கூலி நின்றுபோகுங்கால், பிள்ளையின் படிப்பையும் உடன் நிறுத்திவிடலாமா என்னும் எண்ணம் நம்மிற் பலர்க்கு எழுவதுண்டு. அவ்வெண்ணம் எழும் வீடுகளில் வாசிக்கப்படுதல் வேண்டுமென்று கருதியே, அத்திண்டிவனத்திற் படித்து, படிப்பு இடையில் அறுபட்டுப்போன ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவரே சுவாமி சகஜானந்தர். 1890-ஆம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், நம் ஆதிதிராவிட வகுப்பில், அண்ணாமலை அலமேலு தம்பதிகளுக்குப் புதல்வராய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. அக்காலத்தில் பொதுப் பள்ளிகளின் கதவு நம் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் திறந்தும் வழக்கத்தில் அடைத்தும் கிடந்தது. பாதிரிமார் நடத்திய பள்ளிகளே பெரும்பாலும் புகலிடம். முனுசாமியும் திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியிற் சேர்ந்து, அங்கேயே உண்டு உறைந்து படித்தார். வகுப்பில் முதன்மையும் பெற்றார். ஒருவரும் கையில் எழுத்தாணி கொடாத நாளில் மிஷனார் கொடுத்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும் அந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. ஞானஸ்நானம் பெறுமாறு அவரை வற்புறுத்தினர் என்றும், இளைஞர் மறுக்கவே, அதுகாறும் ஆன செலவைத் திருப்பித் தரக் கேட்டனர் என்றும் அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். ஏழைத் தகப்பன் எங்கிருந்து கொடுப்பான்? படிப்பு அம்மட்டில் நின்றது. குடும்பம் பிழைப்புத் தேடிச் சென்ற கோலார் தங்கவயலுக்கு அவரும் போய்ச் சேர்ந்தார்.

பள்ளி கைவிட்ட பிள்ளையைத் தமிழ் கைவிடவில்லை. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, தமிழ் நூல்களும் வேதாந்தமும் கற்றார். சகஜானந்தர் என்னும் நாமமும் அங்கே பெற்றார். ஆசிரியர் ஆணைப்படி 1910-இல் சிதம்பரம் சென்றார். திருநாளைப்போவார் என்று பெரியபுராணம் போற்றும் நந்தனார், வெளியே நின்று ஏங்கிய தில்லை அது. அங்கே ஓமக்குளத்தருகே நந்தனார் பெயரால் மடம் கண்டார். துறவி மடத்தில் அமர்ந்து பூசை செய்திருந்தாலும் ஊர் அவரை வணங்கியிருக்கும். இவரோ 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளி தொடங்கினார். முதலிற் சேர்ந்த பிள்ளைகள் 25 பேர். பின்னர் உறைவிடமும் அமைத்து, ஊர் ஊராய்ச் சென்று நன்கொடை திரட்டி, பிள்ளைகளுக்குச் சோறிட்டார்.

இதனோடொத்த செயலொன்று அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. அடிமைத்தளையிற் பிறந்த புக்கர் வாஷிங்டன் என்பார், கல்லூரியில் அறை பெருக்கித் தம் உணவுச் செலவை ஈட்டிப் படித்தவர். அவர் 1881-இல் அலபாமா மாகாணத்து டஸ்கிகீ என்னுமிடத்தில் கறுப்பின மக்களுக்கெனப் பள்ளி தொடங்கியபோது வந்தவர் ஏறக்குறைய 30 பேரே. வெள்ளையர் கல்லூரிகள் வாயிலடைத்த தென்மாகாணங்களில் இத்தகைய கல்லூரிகளே அம்மக்களுக்கு ஆசிரியரையும் வைத்தியரையும் வக்கீலையும் அளித்தன. தனிப் பள்ளி வைப்பது பிரிவினையன்றோ என்று அங்கும் கேட்டனர், இங்கும் கேட்டனர். பூட்டியவனை விட்டுவிட்டு, வேறு வீடு கட்டினவனை இக்கேள்வி கேட்பது எமக்கு விந்தையாகவே தோன்றுகிறது.

சகஜானந்தர் 1926 முதல், இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, தம் இறுதிக்காலம் வரை சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்தார். பள்ளி, விடுதி, உபகாரச் சம்பளம், ஆலயப் பிரவேசம் ஆகியவற்றுக்காக வாதாடினார். அக்காலத்தே மற்றொரு நன்மையும் விளைந்தது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையிலிருந்தபோது எடுத்த முயற்சியால், தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் உயர்தரக் கல்விக்கென ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் இந்திய சர்க்கார் ஒதுக்கிற்று; அவ்வுபகாரச் சம்பளத் திட்டம் 1944-இல் தொடங்கியது. கொடுப்பவர் மதத்தை ஏற்கவேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. திண்டிவனத்தில் முனுசாமிக்குக் கிட்டாதது அதுவே.

மணம் புரியாது, தமக்கென ஒன்றும் வையாது வாழ்ந்த அடிகள், 1959-ஆம் ஆண்டு மே முதல் தேதி சிதம்பரத்தில் மறைந்தார். அவர் நட்ட பள்ளி பின்னர் அரசினர் பொறுப்பில் வந்து, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி மேல்நிலைப் பள்ளிகளாய் நந்தனார் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்திரா தரிசனத்துக்கும் சிதம்பரம் செல்லும் நம் கரையோர், சந்நிதி தொழுது மீளுமுன், பிள்ளைகளைக் கைப்பிடித்து ஓமக்குளம் வரை நடந்து, அப்பள்ளி வாயிலையும் காட்டி வருவாராக.