கழற்றிக் கற்ற கம்மியர்

மாத்தளை முத்துமாரியம்மன் திருக்கோயிலின் மாசிமகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருங் காட்சி, மலைநாட்டுத் தமிழ் மக்கள் நெஞ்சில் நிறைந்த காட்சியாகும். வடம் பிடிப்போர் ஒருபுறமும் வணங்குவோர் ஒருபுறமுமாக நிற்கும் அப்பெருங்கூட்டத்தில், அச்சும் ஆரும் பிழையாமற் செய்துதந்த தச்சனை நினைப்போர் எத்துணைப் பேர்? நம் முன்னோர் அவனை நினைத்தனர். ஔவையார் அதியமானின் ஆற்றலை விளக்கப் புகுந்தபோது, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன் ஒரு திங்கள் முழுதும் முயன்று இயற்றிய ஒற்றைச் சக்கரத்தையே உவமையாகக் காட்டினார். புலமையும் கைத்தொழிலும் ஒன்றையொன்று மதித்த காலம் அது.

இந்நினைவு அண்மையில் ஒருநாள் எனக்கு வேறொரு வகையில் வந்தது. என்னிடம் இலக்கணம் பயின்று சோர்ந்து, தேர்விலும் தவறிய மாணவன் ஒருவன், தம்புள்ளை வீதியருகே ஒரு கொட்டிலில், அடித்தகடெல்லாம் துருவேறிக் கிடந்த பழைய மோட்டார் வண்டியொன்றைக் கழற்றிக் கொண்டிருந்தான். அதன் எஞ்சினையும் பற்சக்கரப் பெட்டியையும் அச்சுகளையும் எடுத்து, இரும்புக் குழாய்களை ஒட்டித் தானே அமைத்த சட்டத்திற் பூட்டி, இருவர் அமரத்தக்க விரைவு வண்டி ஒன்றை ஆக்குவது அவன் எண்ணம். பிள்ளை பொழுதை வீணாக்குகிறான் என்று அவன் தந்தையார் என்னிடம் முறையிட்டு, நல்லறிவு புகட்டுமாறு வேண்டினார். புகட்டச் சென்ற யான் ஒன்றும் கூறாது திரும்பினேன். அக்கொட்டிலின் வாயிலில் நின்றபோது, கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறு என் உள்ளத்தில் எழுந்ததே அதற்குக் காரணம். அவ்வரலாற்றை ஆசிரியராகிய நாமும் மாணவரும் ஒருங்கே அறிதல் நன்று.

கோபாலசாமி துரைசாமி நாயுடு, 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் உழவுத்தொழில் செய்தவர். தாயாரை இளமையிலேயே இழந்த அச்சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் உவப்பான இடமாக அமையவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடியவன் என்று அவருடைய இளமை பற்றிச் சொல்லும் கதை, தமிழகமெங்கும் பரவியது. அதனைக் கேட்டு நகைப்போர் பலர். ஆயினும் ஆசிரியத் தொழிலில் முதுமை எய்துவோருக்கு அது நகைப்பை மட்டும் தருவதன்று. அறிவுப்பசி மிக்க ஒருவன் நம் வகுப்பறையில் உணவு கிடையாது ஓடினான் எனின், பிழை முழுவதும் அவனுடையதே என்று சொல்லித் தப்பிக்கொள்ள இயலுமா?

ஊரில் வாழ்ந்த நாளில், ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த றட்ஜ் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி, இளைஞர் உள்ளத்தை முழுவதும் கவர்ந்துகொண்டது. கண்டு வியந்தோர் ஊரில் மற்றும் பலர் இருந்திருப்பர். வியப்பை வினாவாக மாற்றிக்கொண்டவர் அவர் ஒருவரே. அது போன்ற வண்டியைத் தமதாக்கிக்கொள்ளும் வேட்கையுடன் கோவை நகருக்குச் சென்று, ஓர் உணவுச்சாலையிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஆண்டுகள் சில பாடுபட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 300 ரூபா கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதும் அவர் செய்தது யாது? ஏறி ஊர்வலம் வரவில்லை. திருகாணி திருகாணியாக அதனைக் கழற்றிப் போட்டார், மீண்டும் பூட்டினார். இச்செயலின் பொருளைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு செய்யுளைச் சொற்பிரித்துப் பொருள்கொண்டு, பின்னர்க் கூட்டிப் படிக்கும்போதே அதன் கட்டமைப்பு விளங்குகின்றது என்பதை நாம் நாள்தோறும் மாணவருக்குக் கற்பிக்கிறோம். எஞ்சினுள் எண்ணெய் எவ்வாறு ஆவியாகிக் காற்றோடு கலக்கின்றது, மின்பொறி எந்நொடியில் அதனைப் பற்றவைக்கின்றது, அவ்வெடிப்பின் விசை உந்துதண்டை எவ்வாறு தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றது என்பனவெல்லாம், கழற்றிப் பூட்டியவன் கைகளுக்கு ஐயமின்றி விளங்கும். ஓர் உறுப்பு மிஞ்சினும் வண்டி ஓடாது. ஆகவே அங்குப் பொய்க்கு இடமில்லை. நாயுடு அவர்களுக்கு அந்த மோட்டார் சைக்கிளே முதல் நூலும் முதல் ஆசானும் ஆயிற்று. பழுது பார்க்கும் கம்மியராக அவர் வாழ்வு தொடங்கியது.

அதன்பின் அவர் வழி நேர்வழியாகவே சென்றது என்று எண்ணற்க. பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று அவ்வாணிகத்தை விரித்தபோது ஈட்டியதை இழந்தார். வறியராய் ஊர் திரும்பியவர் மீண்டும் எந்திரத்தையே நாடினார். கோவையின் புகழ்பெற்ற தொழிலதிபராகிய ரொபேட் ஸ்டேன்ஸ் அவர்களின் துணைகொண்டு ஒரு பஸ் வண்டியை வாங்கி, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து யூனிவர்சல் மோட்டார் சேர்விஸ் என்னும் பெருநிறுவனம் வளர்ந்தது. யு.எம்.எஸ். என்னும் மூன்றெழுத்து, கொங்குநாட்டில் ஒழுங்குக்கும் காலந்தவறாமைக்கும் மறுபெயராக விளங்கியது.

பஸ் நிறுவனத்தின் செல்வம் அவரை ஓய்ந்திருக்கச் செய்யவில்லை. 1937ஆம் ஆண்டில், டி. பாலசுந்தரம் என்பவருடன் இணைந்து கோவையில் மின்மோட்டாரை ஆக்கினார். இந்தியாவிலேயே உருவாகிய முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகின்றது. ஆற்றுநீர் அரிதாகிய அந்நிலத்தின் கிணறுகளுக்கும், நகரின் நூலாலைகளுக்கும் மோட்டாரின் தேவை பெரிது. பிற்காலத்தில் மோட்டாருக்கும் நீரிறைக்கும் பொறிக்கும் கோவை பெயர்பெற்றமைக்கு இம்முயற்சி வித்தாயிற்று. மின்கலத்தால் இயங்கும் முகச்சவரப் பொறி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, வாக்குகளைப் பிழையறப் பதியும் கருவி என அவர் கைபட்டவை பல. புகைப்படக் கலையிலும் வல்லவராகிய அவர், 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படச்சுருளிற் பதித்தார். 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குத் தரவல்லேன் என்று அறிவித்தார். பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வுகள் செய்தார்.

பள்ளியை விட்டோடியவர் பள்ளி நிறுவியதே அவர் வரலாற்றின் சுவையான பகுதி. 1945ஆம் ஆண்டில் அவருடைய நன்கொடையால், சென்னை மாகாண ஆளுநரின் பெயரால், ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி கோவையில் எழுந்தது. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதுவே. பட்டம் எதுவும் பெறாத நாயுடு அவர்களே அதன் தலைவராகவும் அமர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு மிகை, இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. பட்டறையில் மாணவன் கைபடப் பழகுவானாயின், ஏட்டிற் கழியும் காலத்திற் பெரும்பகுதி மிச்சமாகும் என்று அவர் கருதினார். அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அவர் கூறிய கால அளவு சரியா தவறா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபடலாம். கணிதமும் பௌதிகமும் பொறுமையாகக் கற்கவேண்டியவை என்பதை மறுத்தல் இயலாது. எனினும் அவர் எழுப்பிய வினா இன்றும் விடையின்றி நிற்கின்றது.

இனி, என் மாணவன் கொட்டிலில் யான் நினைந்த செய்திக்கு வருவோம். 1952ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள், பெற்றோலால் ஓடும் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபா. அந்நாளில் மோட்டார்க் கார் செல்வரின் முற்றத்தில் மட்டும் நிற்கும் பொருள். ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஏறத்தக்க கார் ஒன்று தமிழ்நாட்டுப் பட்டறையிலிருந்து வெளிப்பட்டது புதுமையே. ஆயினும் அதனைத் தொகையாக ஆக்கி விற்பதற்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் அம்மட்டில் நின்றுவிட்டது.

அரசின் பக்கத்தையும் கூறுதல் நடுநிலையாகும். 1951ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தால், இன்ன தொழிலை இன்னார் செய்யலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் தில்லியிடம் சேர்ந்தது. இரும்பும் அந்நியச் செலாவணியும் அரியனவாக இருந்த காலம் அது. 1953இல் சுங்கத்தீர்வை ஆணைக்குழுவின் பரிந்துரையை ஏற்று, முழுமையாக வண்டி செய்யும் திட்டமுடைய சில நிறுவனங்களுக்கே மோட்டார்த் தொழிலை அரசு ஒதுக்கியது. ஜெனரல் மோட்டோர்ஸ், போர்ட் போன்ற பெருநிறுவனங்களும் அக்காலத்தில் இந்தியாவில் வண்டி பூட்டும் பணியை நிறுத்தின. சிதறாமற் காக்க எண்ணி அமைத்த வேலி, புதிய பயிர் முளைக்கவும் இடந்தராத வேலியாயிற்று. பின்னர் பல்லாண்டுகள் இந்திய மக்கள் இரண்டு மூன்று வகைக் கார்களுக்கே பணங்கட்டிக் காத்திருந்தனர்.

இதனோடு இங்கிலாந்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுக் காண்க. கொலின் சப்மன் என்னும் பொறியியல் மாணவர், 1948ஆம் ஆண்டளவில், பழைய ஒஸ்டின் செவன் காரொன்றின் மேற்கூட்டை நீக்கி, ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதுக்கூடு அமைத்துப் போட்டி வண்டி ஆக்கினார். எடையைக் குறைத்தால் சிறிய எஞ்சினும் பெருவிரைவு தரும் என்பதே அவர் கண்ட நுட்பம். நாயுடு அவர்களின் கார் வெளிவந்த அதே 1952ஆம் ஆண்டில், சப்மன் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957இல் வெளிவந்த அவருடைய லோட்டஸ் செவன் வண்டியை உறுப்புகளாகவே வாங்கி, வீட்டிற் பூட்டிக்கொள்ளலாம். முழுமையான காருக்குரிய கொள்வனவு வரி, அவ்வாறு பிரித்து விற்கும் உறுப்புகளுக்கு இல்லை. பூட்டும் முறையை எழுதித் தருதல் விதிக்கு மாறாகையால், கழற்றும் முறையை எழுதித் தந்து, அதனைத் தலைகீழாகப் படித்துப் பூட்டுமாறு விட்டனர் என்றும் சொல்வர். கழற்றத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரியும் என்னும் இவ்வுண்மையைக் கலங்கல் இளைஞர் ஒருவர் முன்னரே கண்டிருந்தார். ஆனால் சட்டத்தின் இடுக்கில் ஓர் ஒளிக்கீற்று அங்கே நுழைந்தது, இங்கே நுழையவில்லை. லோட்டஸ் பின்னாளில் உலகக் கார்ப்பந்தயத்தில் ஏழுமுறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. கோவையின் சிறுகாரோ பழங்கதையாயிற்று.

தடைகளும் வரிச்சுமையும் நாயுடு அவர்களை நோகச் செய்தன. மனம் பொறாது, தாம் அரிதின் ஆக்கிய பொருள்களைப் பலர்முன் உடைத்துக் காட்டும் அளவுக்கு அவர் சினந்தார். அச்செயலை யான் போற்றேன். தன் கையாற் செய்ததைத் தானே உடைத்தல், தச்சன் தேரைத் தானே எரித்தலை ஒக்கும். அவருடைய நண்பராகிய பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்களும் அதனை ஏற்கவில்லை. எனினும், அச்சம்மட்டியின் ஓசையில் ஒரு நியாயமும் இருந்தது. செய்யவல்லவனைச் செய்யாதே என்று தடுக்கும்போது அவன் அடையும் வேதனை, எழுதவல்லவனின் எழுத்தாணியைப் பறிக்கும் வேதனைக்குக் குறைந்ததன்று.

அச்சினத்திலேயே அவர் அழிந்துவிடவில்லை என்பதே அவருக்குப் பெருமை. இளைஞருக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி அளித்தும், அரும்பொறிகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தும் தம் இறுதிக்காலத்தைப் பயனுறக் கழித்து, 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். கோவை அவிநாசி வீதியில் அவர் பெயரால் அமைந்த காட்சியகமும், அவர் குடும்பத்தார் பேணும் பழங்கார்க் காட்சியகமும் இன்றும் மாணவரை ஈர்க்கின்றன. 2025ஆம் ஆண்டில் அவ்வீதியில் திறக்கப்பெற்ற நெடிய மேம்பாலமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உரிமம் பெறாத காரைச் செய்தவர் பெயரை ஆயிரமாயிரம் கார்கள் நாள்தோறும் கடந்து செல்கின்றன.

என் மாணவன் நாயுடுவாக வளர்வான் என்று யான் சொல்லவில்லை. அவன் வண்டி ஓடாமலும் போகலாம். ஓடினும் வீதியில் ஓட்ட இசைவு கிடையாமற் போகலாம். ஆயினும் அவன் இலக்கணம் கல்லாதவன் அல்லன். துருவேறிய வண்டியில் எவ்வுறுப்புப் பயன்படும், எவ்வுறுப்புப் பயன்படாது என்று தேர்ந்து, பயன்படுவதைப் புதிய சட்டத்திற் பொருத்தும் அவனுடைய கைகள், பகுதி விகுதி பிரித்துப் புணர்க்கும் வேலையையே வேறோர் ஏட்டிற் செய்கின்றன. மறுவாரம் மீண்டும் அக்கொட்டிலுக்குச் சென்றேன். அவன் தந்தையாரையும் உடன் அழைத்துச் சென்றேன். கழற்றி வரிசையாக அடுக்கிய உறுப்பு ஒவ்வொன்றிலும், அதன் பெயரும் அது பொருந்தும் இடமும் தூய தமிழெழுத்தில் எழுதிய சிறு அட்டை கட்டியிருந்தது. அவ்வெழுத்திற் பிழை ஒன்றும் யான் காணவில்லை.