கடல் கடந்து கற்றவர்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டி மீளுதல் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். கல்வியின் பொருட்டுக் கடல் கடக்கும் வழக்கமோ ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேதான் நம் நாட்டிற் பெருகியது. சட்டமும் மருத்துவமும் பயில விரும்பிய இளைஞர் பலர் இலண்டன் மாநகரம் சென்றனர். அங்குப் பெற்ற பட்டம் தாயகத்தில் உயர்ந்த நிலையையும் மிகுந்த ஊதியத்தையும் அளித்தது. ஆயினும், பட்டத்தை நாடிச் சென்று, அதனைப் பெறாமலே, அதனினும் பெரிய செல்வமொன்றை ஈட்டி மீண்டவரும் உளர். அத்தகையோருள் தலைசிறந்தவர் வ. வே. சு. ஐயர் ஆவர்.

திருச்சிராப்பள்ளி நகரைச் சார்ந்த வரகனேரியில், வேங்கடேச ஐயருக்கும் காமாட்சி அம்மையாருக்கும் மைந்தராக, 1881ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 2ஆம் நாள் சுப்பிரமணியம் பிறந்தார். ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் முன்னே சேர, வ. வே. சு. என்னும் வழக்கு உண்டாயிற்று. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் வரலாற்றோடு இலத்தீன் மொழியையும் அவர் விரும்பிக் கற்றார். அதன்பின் வழக்குரைஞர் தேர்விலே தேறித் தம் ஊரிலேயே தொழில் நடத்தினார். சில ஆண்டுகளில் பர்மா நாட்டு இரங்கூன் நகரத்திற்குச் சென்று, அங்கும் அத்தொழிலையே மேற்கொண்டார். பாரிஸ்டர் பட்டம் பெற்றால் இன்னும் உயரலாம் என்று கருதி, 1907ஆம் ஆண்டில் இலண்டன் சேர்ந்தார். லிங்கன்ஸ் இன் என்னும் புகழ்பெற்ற சட்டக் கழகத்தில் மாணவராயினார். அப்பொழுது அவர்க்கு வயது 26. மனைவியைத் தாயகத்தில் விட்டு வந்த அவ்விளைஞர்க்கு, விரைவிற் படிப்பை முடித்து மீள வேண்டும் என்பதே நோக்கமாய் இருந்தது.

ஆனால், இலண்டன் மாநகரம் அவர்க்குச் சட்டத்தை மட்டும் கற்பிக்கவில்லை. அந்நகரின் ஹைகேட் பகுதியில் இந்திய மாணவர் தங்குவதற்கென, சியாம்ஜி கிருஷ்ணவர்மா என்பார் 1905ஆம் ஆண்டில் இந்தியா இல்லம் என்னும் விடுதியொன்றை நிறுவியிருந்தார். மகாராட்டிரத்தினின்றும் வந்த சாவர்க்கர் அங்கு மாணவர்க்குத் தலைவராய் விளங்கினார். பின்னாளில் சென்னை மாகாண அமைச்சராக விளங்கிய டி. எஸ். எஸ். ராஜன் அங்கு மருத்துவம் பயிலும் மாணவராய் இருந்தார். வேறு வேறு மொழி பேசும் இளைஞர் ஓரிடத்திற் கூடி உண்டு உரையாடியபொழுது, தாம் அனைவரும் ஒரு நாட்டு மக்கள் என்னும் உணர்வு அவர்கள்பால் வலுப்பெற்றது. இத்தாலியின் விடுதலைக்கு உழைத்த மாஜினி, கரிபால்டி ஆகியோர் வரலாறுகள் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தன. தம் நாட்டிலே உரிமையைப் போற்றும் ஆங்கிலேயர், இந்தியாவில் அதனை மறுப்பது ஐயர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. தாம் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் கடிதங்களாக எழுதி, பாரதியார் நடத்திய இந்தியா இதழுக்கு அனுப்பினார். பொருள் நாடி வந்த வழக்குரைஞர், நாட்டை எண்ணி எழுதும் அறிஞராக வளர்ந்தார்.

அக்காலத்தில் அவ்விளைஞர்கள் படைக்கல வழியாலேயே விடுதலை கிட்டும் என்று நம்பினர். ஐயரும் அந்நம்பிக்கை உடையவராகவே இருந்தார். 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மதன்லால் திங்கரா என்னும் மாணவர் கர்சன் வைலி என்ற ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் இந்தியா இல்லத்தினர்மீது ஒற்றர் கண் இடையறாது பதிந்தது. 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சாவர்க்கர் சிறைப்பட்டார். இதற்கிடையே பட்டம் பெறும் காலமும் ஐயர்க்கு வந்திருந்தது. ஆங்கில அரசுக்கு உண்மையாய் நடப்பதாக உறுதி கூறியே அப்பட்டத்தைப் பெறுதல் வேண்டும். மூன்று ஆண்டு உழைப்பின் பயன் ஒருபுறம். உள்ளத்தின் உறுதி மற்றொருபுறம். வாயால் ஒன்று கூறி மனத்தால் வேறொன்று எண்ண அவர் உடன்படவில்லை என்பர். பாரிஸ்டர் பட்டத்தைப் பெறாமலே அவர் இலண்டனை நீங்கினார்.

பிடிபடாது தப்பிய அவர், பிரெஞ்சு நாடு சென்று, பின் மாறுவேடம் பூண்டு நெடும்பயணம் செய்தார். வழியில் அவருடைய பெட்டியின்மீது பொறித்திருந்த முதலெழுத்துகளைக் கண்டு ஒற்றன் ஒருவன் ஐயுற்றபொழுது, அவ்வெழுத்துகள் வீர விக்கிரம சிங் என்னும் பெயரைக் குறிப்பன என்று கூறித் தப்பினார் என்றொரு செய்தி வழங்குகின்றது. 1910ஆம் ஆண்டின் இறுதியில், முகமதியத் துறவிபோன்ற கோலத்தோடு அவர் புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரி அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆங்கில அரசின் சட்டம் அங்குச் செல்லாது. ஆதலின் 1908ஆம் ஆண்டில் பாரதியாரும், 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் அரவிந்தரும் அவ்வூரை அடைந்திருந்தனர். ஐயரும் அங்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். தொடக்கத்தில் இளைஞர்க்கு உடற்பயிற்சியும் படைக்கலப் பயிற்சியும் அளித்தார். 1911ஆம் ஆண்டில் ஆஷ் என்னும் ஆட்சியரைச் சுட்டுக் கொன்று தாமும் உயிர் துறந்த வாஞ்சிநாதன், இவரிடம் பயிற்சி பெற்றவர் என்பர். அந்நிகழ்ச்சிக்குப் பின் ஒற்றர் தொல்லை பன்மடங்காயிற்று.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டெறிந்து தாக்கியது. போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓரணியில் நின்றமையால், புதுச்சேரியிற் புகலடைந்தோரின் நிலை இடருற்றது. அவர்களை ஆப்பிரிக்காவிற்கு நாடுகடத்த முயற்சி நடந்தது. தாம் எந்நாளும் கப்பலேற்றப்படலாம் என்று ஐயர் அறிந்தார். அந்நிலையில் அஞ்சி ஒடுங்காது, தமிழ்நாட்டிற்குத் தாம் விட்டுச் செல்லத்தக்கது யாது என்று சிந்தித்தார். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் துணிந்தார். 1914 நவம்பரில் தொடங்கிய பணி 1915 மார்ச்சுத் திங்களில் நிறைவுற்றது. 133 அதிகாரங்களை நான்கு திங்களில் முடித்தார் எனில், நாளொன்றுக்கு ஓர் அதிகாரத்திற்கு மேலாக உழைத்தார் என்பது தெளிவு. அந்நூல் 1916ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாடுகடத்தும் முயற்சியோ நிறைவேறாது போயிற்று.

அயல்மொழிக் கல்வி அவரைத் தாய்மொழியினின்றும் பிரிக்கவில்லை. அதன் பெருமையை அளந்தறியும் கோலாகவே அவர்க்குப் பயன்பட்டது. மேலைநாட்டார் போற்றும் சிறுகதை என்னும் இலக்கிய வகையைத் தமிழில் அவர் ஆக்கிக் காட்டினார். குளத்தங்கரையில் நிற்கும் அரசமரம் ஒன்று, தன் நிழலில் விளையாடிய பெண்ணின் துயர வாழ்வைத் தானே கூறுவதாக அமைந்த கதை, தமிழ்ச் சிறுகதைகளுக்கு முன்னோடியாக மதிக்கப்பெறுகின்றது. வடிவம் மேலைநாட்டது, குளமும் மரமும், செல்வம் இழந்த குடும்பத்துப் பெண் படும் துன்பமும் நம் நாட்டவை.

போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில் அவர் தமிழ்நாடு திரும்பித் தேசபக்தன் இதழுக்கு ஆசிரியரானார். இதற்குள் அவர் உள்ளம் மாறியிருந்தது. படைக்கல வழியை விடுத்து, காந்தியடிகளின் அறவழியைத் தழுவினார். கொண்ட கொள்கையிற் குறை கண்டபின் அதனை விடுவதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவு அவர்பால் இருந்தது. 1921ஆம் ஆண்டில் அரசு அவரை ஒன்பது திங்கள் பெல்லாரிச் சிறையில் அடைத்தது. அங்கிருந்தபடியே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூலொன்று எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் முதலிய பெரும்புலவர் காப்பியங்களோடு கம்பர் காவியத்தை வைத்து ஒப்பிட்டு, அதன் ஏற்றத்தை நிறுவினார். உலகக் காப்பியங்களைக் கல்லாதவர்க்கு இவ்வொப்பீடு இயலாது. கம்பரைக் கல்லாதவர்க்கும் இயலாது. அந்நூல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், 1950ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பெற்றது.

பின்னர்த் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். கல்வியோடு உடலுழைப்பும் நாட்டுப்பற்றும் மாணவர்க்கு ஊட்டுதல் அதன் குறிக்கோள். எனினும், அங்குப் பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது. ஒன்றுபட்ட நாட்டை வேண்டிய ஒருவரின் கல்விச்சாலையில் இவ்வேற்றுமை இருத்தல் தகாதென, வரதராசுலு நாயுடு, பெரியார் ஈ. வெ. இராமசாமி முதலியோர் கடிந்துரைத்தனர். அக்கண்டனம் நேரியதே. பல நாட்டாரோடு பழகிக் கற்றவரும், தம் வீட்டுப் பழக்கத்தை முற்றும் வெல்லுதல் எளிதன்று என்பதை இது காட்டும்.

அப்பூசலின் வடு ஆறுமுன்னரே, 1925ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாள், பாபநாசம் அருவியில் தம் மகள் சுபத்திரை வெள்ளத்தில் அகப்பட்டதைக் கண்டு, அவளைக் காக்கக் குதித்த ஐயர் தாமும் உயிர் துறந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 44.

அயல்நாட்டுக் கல்வியை விரும்பும் இளைஞர் இவர் வாழ்விலிருந்து அறியத்தக்கன பல. பட்டம் ஒருவரைத் தொழிலுக்கு உரியவராக்கும். பிற நாட்டாரின் அறிவை உவந்து ஏற்றலும், அதனைக்கொண்டு தம் நாட்டை நன்கு அறிதலும், தம் குறையை உணர்ந்து திருந்துதலுமே ஒருவரை அறிஞராக்கும். வ. வே. சு. ஐயர் கொணராத பட்டம் எவர்க்கும் இழப்பாகவில்லை. அவர் கொணர்ந்த அறிவோ தமிழுக்கு ஆக்கமாயிற்று.