அடிமை முறையை எதிர்த்த கர்னல் 33 வயதில் போர்க்களத்தில் பலி! சிலைக்கும் வந்தது சோதனை!!

நார்வே நாட்டு லியர் என்ற ஊரில் 1829-ல் பிறந்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக். 1840-ல் பெற்றோருடன் கப்பல் ஏறி அமெரிக்கா வந்தார். விஸ்கான்சின் மாநிலம் மஸ்கீகோவில் குடியேறினார்கள்.

1849-ல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்கு ஓடினார். தந்தை இறந்துபோகவே 1851-ல் ஊர் திரும்பி, பண்ணையையும் தம்பி தங்கைகளையும் கவனித்தார். அடிமை முறையை எதிர்த்து அரசியலில் குதித்தார். 1859 தேர்தலில் ஜெயித்து மாநிலச் சிறை கமிஷனர் ஆனார்.

உள்நாட்டுப் போர் மூண்டது. நல்ல உத்தியோகம், மனைவி, குழந்தைகள். போகாமலே இருந்திருக்கலாம். போனார்! நார்வேக்காரர்களைத் திரட்டி 15-வது விஸ்கான்சின் படையை அமைத்தார். அதில் "ஓலே" என்ற பெயர்க்காரர்கள் மட்டும் நூற்றுக்கு மேல். பெயர் கூப்பிடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்!

பெர்ரிவில், ஸ்டோன்ஸ் ரிவர் சண்டைகளில் தப்பினார். களத்தில் இருந்தபடியே மனைவி குனில்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

1863 செப்டம்பர் 19. ஜார்ஜியா மாநிலம் சிக்கமாகா. ஒரு பிரிகேடையே நடத்திச் சென்ற ஹெக்கின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. மறுநாள் உயிர் பிரிந்தது. அந்தப் போரில் இறந்த விஸ்கான்சின் அதிகாரிகளில் அவரைவிடப் பெரிய பதவியில் இருந்தவர் யாரும் இல்லை. உடலை மஸ்கீகோ பகுதிக்கே கொண்டுவந்து, நார்வேக்காரர்களின் சர்ச் மயானத்தில் புதைத்தார்கள்.

மேடிசன் நகரில் சட்டசபைக் கட்டிடம் முன்பு அவருக்குச் சிலை வைத்தார்கள். 2020 ஜூனில், கறுப்பர்களுக்கு நடக்கும் அநீதியை எதிர்த்த போராட்டத்தின்போது ஒரு கூட்டம் அதை இழுத்துத் தள்ளி, தலையைத் துண்டித்து, ஏரியில் எறிந்தது. கறுப்பர்களின் விடுதலைக்காக குண்டடிபட்டவர் சிலைக்கா இந்த கதி! 2021 செப்டம்பரில் புதுத் தலை பொருத்தி, பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள்.