வாழைப்பழம் விற்க ஓடிய பையன்

காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம்!

இப்படி எண்ணி, 13 வயதில் வீட்டை விட்டு ஓடினான் ஒரு பையன். தாய் வெங்கம்மா விடுவாரா? ஆள் அனுப்பித் தேடிப் பிடித்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அந்தப் பையன்தான், பிற்காலத்தில் புற்று நோய் மருந்தில் பெயர் பெற்ற டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறை தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் கதர் உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கதருக்கும் வைத்தியத்துக்கும் என்ன பகையோ! எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே பெரிய இடி விழுந்தது. சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். ஓயாத பேதியும் ரத்தச் சோகையும் உண்டாக்கும் 'ஸ்ப்ரூ' என்ற நோய் அவர்களைக் கொண்டுபோயிற்று.

சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. 1940-ம் ஆண்டு லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார்.

1945-ம் ஆண்டு அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. கீரையில் உள்ள சத்து இது. ரத்தம் ஊற உதவுவது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் இது மருந்தாயிற்று!

பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளுக்கு இந்த வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் முன்னிலும் வேகமாக ஏறியது போல் இருந்தது. அப்படியானால், சத்தைத் தடுத்தால்?

சத்தைப் போலவே உருவம், ஆனால் சத்து இல்லை. அப்படிப்பட்ட போலிப் பொருளை லெடர்லி ஆராய்ச்சிக்கூடம் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்பது அதன் பெயர். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் இந்தச் செய்தி வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட். இன்றும் பயன்படும் மருந்து இது. ஆனால், அதிக அளவில் கொடுத்தால் நல்ல அணுக்களும் சாகும். குறைத்தால் சில புற்றுகள் அசையா. என்ன செய்வது?

துணைக்கு வந்தது ஃபோலினிக் அமிலம். இதுவும் அதே சத்தின் இன்னொரு வடிவந்தான். மெத்தோட்ரெக்சேட், அணுவின் அடுப்பை அணைத்து விடுகிறது. ஃபோலிக் அமிலம் அரிசி என்றால், ஃபோலினிக் அமிலம் வடித்த சோறு. அதற்கு அடுப்பு வேண்டாம். எனவே டாக்டர்கள் மருந்தைப் பெரிய அளவில் ஏற்றுகிறார்கள். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து இந்தச் சோற்றைக் கொடுத்து, நல்ல அணுக்களை மீட்கிறார்கள். நேரம் தவறினால் உயிருக்கே ஆபத்து.

குடல் புற்று நோயில் வேறு விதம். அங்கே ஃபுளோரோயுராசில் என்ற மருந்தோடு சேர்த்தே இதைக் கொடுக்கிறார்கள். அணு பெருகத் தேவையான நொதியை அந்த மருந்து இறுகப் பிடித்துக்கொள்ள இது உதவுகிறது. ஓரிடத்தில் கேடயம், இன்னோரிடத்தில் வாளுக்குச் சாணை!

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்று மெத்தோட்ரெக்சேட்டும் இருக்கிறது, இந்தத் துணை மருந்தும் இருக்கிறது.