லேடாங் அடிவாரத்தில் ஒரு வாரம்: வாலஸுக்குத் தனிமை என்ன கொடுத்தது?

பேக்பேக்கை இறக்கிட்டு, டென்ட் போட்டு, போனை ஓரமா வச்சுட்டு சும்மா உட்காருற நேரம் உங்களுக்குப் பிடிக்குமா? அப்போ ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸை நீங்க தெரிஞ்சுக்கணும்.

யார் இவர்?

1823-இல் வேல்ஸில் பிறந்தவர். குடும்பத்தில் பணக்கஷ்டம், 14 வயசிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோனது. அமேசான் காடுகளில் 4 ஆண்டு சுற்றி, 1852-இல் ஊர் திரும்பும்போது கப்பல் தீப்பிடித்தது. கூட எடுத்துவந்த பூச்சிகள், பறவைகள், குறிப்புகளில் பெரும்பகுதி போச்சு. படகில் 10 நாள் தத்தளித்து உயிர் தப்பினார்.

அத்தோடு விட்டாரா? இல்லை. 1854-இல் சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார்.

ஜொகூரில் என்ன செய்தார்?

அதே ஆண்டு மலாக்காவிலிருந்து குனோங் லேடாங் கிளம்பினார். இன்று தங்காக் மாவட்டத்தில் இருக்கும் 1,276 மீட்டர் மலை அது. தனியாகப் போகவில்லை, ஓர் இளைஞரும் மலாய் உதவியாளர்களும் உடன் போனார்கள்.

மேலே ஏறும்போது தாகம், தண்ணீர் இல்லை. குடுவைச் செடிக்குள் பூச்சி மிதந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். பிறகு அடிவாரத்தில் ஓர் ஓடைப்பக்கம், சுவரே இல்லாத இரண்டு குடிசைகளில் ஒரு வாரம். காட்டு விலங்குகள் வரலாம் என்பதால் ராத்திரி முழுக்க நெருப்பு. அது ஆர்கஸ் காட்டுக்கோழிகளின் இடம். சத்தம் கேட்கும், பறவை மட்டும் கண்ணில் படாது.

தனிமை எப்போ கை கொடுத்தது?

1855 தொடக்கத்தில், சரவாக்கின் சந்துபோங்கில். மழைக்காலம். சமையலுக்கு ஒரு மலாய்ப் பையன், அவ்வளவுதான் துணை. வெளியே போக முடியாத பொழுதுகளில் புத்தகங்களைப் புரட்டினார், யோசித்தார். ஒவ்வொரு புதிய உயிரினமும், தனக்கு நெருக்கமான பழைய உயிரினம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று கட்டுரை எழுதினார்.

1858-இல் காய்ச்சலில் படுத்திருந்தபோது அடுத்த விடையும் கிடைத்தது: இயற்கைத் தேர்வு. அதை டார்வினுக்கு எழுதி அனுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் இருவர் எழுதியதும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. 1913-இல் வாலஸ் காலமானார்.

உங்களுக்கு இதில் என்ன?

லேடாங் ஏற இன்று அனுமதியும் வழிகாட்டியும் வேணும். வாலஸும் ஆள் துணையோடுதான் போனார். ஆனா கேம்ப்பில் மழை பிடிச்சுக்கிட்டா, சிக்னல் இல்லையேன்னு புலம்பாதீங்க. ஒரு நோட்டுப் புத்தகம் பையில இருக்கட்டும்.