இலங்கையின் தட்டைப்புழுக்களை ஆராய்ந்த மோஸ்லி

மலைநாட்டில் மழை ஓய்ந்த காலைப் பொழுதில், தேயிலைத் தூரின் அடியில் கிடக்கும் ஈரச் சருகைப் புரட்டினால் சம்மட்டி போன்ற தலையுடைய வழவழப்பான புழுவொன்று சில வேளைகளில் தென்படும். அட்டைக்கு அஞ்சும் நாம் இதனைப் பொருட்படுத்துவதில்லை. இலங்கையில் காணப்படும் இத்தகைய நிலத் தட்டைப்புழுக்களின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் விரிவாக ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி என்ற ஆங்கிலேயராவார்.

1844ஆம் ஆண்டு பிறந்த மோஸ்லியின் தந்தை புகழ்பெற்ற கணித அறிஞர். மகனும் கணிதத்திலோ புராதன மொழிகளிலோ பட்டம் பெற வேண்டுமென்பதே குடும்பத்தின் விருப்பமாக இருந்தது. ஒக்ஸ்போர்டில் அவ்விரண்டிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. இறுதியில் பேராசிரியர் ரொலெஸ்டனின் ஆய்வுகூடத்தில் சேர அனுமதி கிடைத்தது. 1868இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறினார். பிள்ளைகளின் பாடத்தைத் தாமே தீர்மானிக்கும் நமது பெற்றோர் இதனைக் கவனிப்பது நன்று.

1871 டிசம்பர் 12ஆம் திகதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அவதானிக்க வந்த பிரித்தானியக் குழுவில் அவரும் ஒருவர். திருகோணமலையில் கிரகணத்தின் ஒளியை ஆராய்ந்த அவர், வானத்தோடு நின்றுவிடவில்லை, மண்ணையும் கிளறினார். அப்போது நமது மலைகளில் இருந்தது கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. இங்கே சேகரித்த தட்டைப்புழுக்களைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்த முடிவுகள் 1874இல் ரோயல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின.

அதற்கிடையில் அவர் சலஞ்சர் கப்பலில் புறப்பட்டிருந்தார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த அப்பயணமே அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1881இல் ஒக்ஸ்போர்டில் பேராசிரியரானார். ஓய்வறியா உழைப்பு உடலைச் சிதைக்க, 1891இல் 47 வயது நிரம்புமுன் காலமானார். அப்போது நான்கு வயதும் நிறையாதிருந்த அவரது மகனே பின்னர் அணுவெண்ணின் உண்மைப் பொருளை நிறுவிய ஹென்றி மோஸ்லி. உதுமானியப் படையுடன் நடந்த கலிப்போலிப் போரில் 1915இல் அந்த இளைஞர் 27 வயதில் பலியானது தனிச் சோகம்.

மோஸ்லி ஆராய்ந்த புழுக்களின் நன்னீர் உறவினங்களே இன்று விஞ்ஞானிகளின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. ஓடைக் கற்களின் அடியில் வாழும் இவற்றை வெட்டினால் துண்டுகள் முழுப் புழுக்களாக வளர்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் ஹண்ட் மோர்கன், உடலின் 279இல் ஒரு பங்கேயான துண்டும் மீள்வளர்ச்சி பெறுவதை 1898இல் கண்டார். கதிர்வீச்சினால் தன் கலங்களைப் புதுப்பிக்கும் ஆற்றலை இழந்து சாகவிருந்த புழுவொன்றை, வேறொரு புழுவிலிருந்து இடப்பட்ட ஒரேயொரு மூலக்கலம் மீட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

இதே புழு நஞ்சையும் காட்டிக்கொடுக்கிறது. தனிச் சுவாச உறுப்பு இல்லாமையால் அது உடற்பரப்பு முழுவதாலும் சுவாசிக்கிறது. நீரில் கலந்த இரசாயனம் நேரே உள்ளே புகுகிறது. அதன் நரம்புகளில் இயங்கும் இரசாயனப் பொருட்கள் பல மனித நரம்புகளிலும் உள்ளவை. எனவே நரம்பைத் தாக்கும் பூச்சிகொல்லி சாகடிக்காத அளவில் இருந்தாலும், புழுவின் வழுக்கு நடை பிசகும். வெட்டிய தலை மீண்டும் வளரத் தாமதமாகும்.

லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கப்படும் மருந்து மழையோடு ஓடையில் இறங்கக்கூடியது. லயத்து மக்கள் பீலியில் பிடிக்கும் நீரும் அதே மலைச்சரிவில் ஊறுவதுதான். அவ்வோடைகள் கொத்மலை ஓயா வழியாக மகாவலியை அடைகின்றன. ஆகவே இது தோட்டத்து லயங்களோடு முடியும் விடயமல்ல. கீழே மகாவலிக் கரையில் வயல் செய்யும் தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் சாரும். இப்புழுவைக் கொண்டு நீரைச் சோதிக்கத் தொடக்கத்தில் தேவைப்படுவன சில கண்ணாடிக் கிண்ணங்களும், சுத்தமான ஊற்று நீரும், ஒரு கைவில்லையும், பொறுமையுள்ள விஞ்ஞான ஆசிரியர் ஒருவருமே. வெட்டிய புழுவுக்குக் கண்கள் மீண்டும் தோன்ற ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும்.