மீசை முளைத்த அன்னை

வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் குழந்தை, தமிழ் எழுத்தைக் கண்டதும் முகம் சுளித்து ஓடுகிறது. பெங்களூரில் தமிழர் வீடுகளுக்குச் சென்று வரும் மாணவ நண்பர்கள் பலரும் இதனைக் கண்டிருப்பர். குற்றம் குழந்தையினுடையதா? அன்று எனத் தம் வாழ்வாலேயே விடை கூறிய பெரியார் ஒருவர் குஜராத்தில் வாழ்ந்தார். அவரே கிஜுபாய் பதேகா.

1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சௌராஷ்டிரப் பகுதியில் பிறந்தவர் அவர். 1907இல் பொருள் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். திரும்பி வந்து சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913இல் மகன் பிறந்தான். இவனை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? பிரம்பும் மனப்பாடமும் ஆட்சி செய்த காலம் அது. அந்தக் கவலையில் இருந்தவருக்கு இத்தாலி நாட்டு மாண்டிசோரி அம்மையாரின் கல்விக் கருத்துகள் புதுவழி காட்டின. 1916இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பாவ்நகரில் இருந்த தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். வருவாயை விட்டு மழலையரிடம் வந்தாரே, என்னே அவர் துணிவு!

அவர் கண்ட உண்மை எளியது. மொழியைப் பயன்படுத்த வேண்டிய தேவை பிறந்தால், குழந்தை தானே மொழியைக் கற்கும். 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'திவாஸ்வப்னம்' இதனையே கதையாகச் சொல்கிறது. 'பகல் கனவு' என அது தமிழிலும் வந்துள்ளது. நான்காம் வகுப்பை ஏற்கும் ஆசிரியர் முதல் நாளில் தோற்றுப்போகிறார்; பிள்ளைகள் அடங்கவில்லை. மறுநாள் கதை சொல்கிறார், வகுப்பே அமைதியாகிறது. கதைச் சுவை கண்ட பிள்ளைகள் புத்தகம் தேடுகின்றனர். எல்லாரும் ஒரே பாடநூலை வாங்குவதற்குப் பதிலாக, அந்தப் பணத்தில் பலவகை நூல்கள் வாங்கி வகுப்பு நூலகம் அமைக்கிறார் ஆசிரியர். கேட்ட கதை நாடகமாகிறது. இலக்கணமும் விளையாட்டாகிறது.

ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொடாமல் அறிவியல் கற்க முடியாது என்பதை நாம் அறிவோம். மொழிக்கும் அதே நெறியைக் காட்டினார் கிஜுபாய். தாராபாய் மோடக்குடன் இணைந்து 1926இல் குழந்தைக் கல்விக்கென ஒரு சங்கம் நிறுவினார். குழந்தைகளுக்கு நூல்கள் பல எழுதிக் குவித்தார். மக்கள் அவரை மீசை வைத்த அம்மா என அன்புடன் அழைத்தனர். 1939 ஜூன் 23ஆம் நாள், 53 வயதில் மறைந்தார்.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுச் சிறுமிக்கு நான் தமிழ் கற்பிக்க முனைந்தேன். ஒரே எழுத்தை நூறு முறை எழுதச் சொன்னேன். அவள் என்னைக் கண்டாலே ஒளிந்துகொண்டாள். பிறகுதான் 'பகல் கனவு' படித்தேன். ஒருநாள் கதையைப் பாதியில் நிறுத்தி, முடிவை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் அவளே வாசலில் காத்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்திருந்தாள். இரண்டு சொற்களில் மட்டும் ஐயம்!

தோழர்களே, நமக்கு அருகிலும் ஒரு குழந்தை இருக்கும். வாரம் ஒரு மணி நேரமும் ஒரு கதையும் நம்மால் தர இயலாதா?